ஒரே பல்லுக்கு இரண்டு மெடிக்கல் எய்டு பணம் தருமா?

3 மார்ச் 2025, மெரபேங்க் வாசகி

மகனுக்கு 11 வயது. பிப்ரவரி 12-ஆம் தேதி பள்ளி முற்றத்தில் ஓடும்போது விழுந்து மேல் முன்பல் பாதி உடைந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஒரு மெடிக்கல் எய்டு (மாதச் சந்தா கட்டிச் சேரும் தென்னாப்பிரிக்க மருத்துவச் செலவுத் திட்டம்), எனக்கு என் வேலையிடத்தில் வேறொன்று. பையன் அவர் பெயரில் இருக்கிறான். டொரன்டோவில் இருக்கும் என் அக்கா, "இரண்டு பேர் திட்டத்திலும் பிள்ளையைச் சேர், ஒன்று கொடுத்தது போக மீதியை மற்றது கொடுக்கும்" என்கிறாள். பள்ளியிலும் விபத்துக் காப்பீடு இருக்கிறதாம். எதற்கு முதலில் அனுப்புவது?

3 மார்ச், இரவு. பில் மேசை (பில் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர்), டர்பன்

அக்கா சொல்வது கனடாவுக்குச் சரி. அங்கே பிறந்தநாள் விதி என்று ஒன்று உண்டு. ஆண்டில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அந்தப் பெற்றோரின் திட்டம் பிள்ளைக்கு முதல் திட்டம், மற்றவருடையது இரண்டாவது. வயதில் மூத்தவர் யார் என்பதல்ல, மாதமும் தேதியும்தான் கணக்கு. முதல் திட்டத்தின் ஸ்டேட்மென்டை இரண்டாவதற்கு அனுப்பினால் மீதி வரும்.

தென்னாப்பிரிக்காவில் இது முடியாது, சட்டமே தடுக்கிறது. 1998-ஆம் ஆண்டின் 131-ஆம் எண் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம், 28-ஆம் பிரிவு: ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மெடிக்கல் எய்டில் உறுப்பினராக இருக்கக் கூடாது. வெவ்வேறு திட்டங்களில் உள்ள இரண்டு உறுப்பினர்களைச் சார்ந்தவராகவும் பதிவாகக் கூடாது. பையன் அப்பா பெயரில் இருக்கும்வரை உங்கள் திட்டத்தில் அவனைச் சேர்க்க வேண்டாம். படிவத்தில் "வேறு திட்டத்தில் இருக்கிறாரா" என்ற கேள்விக்குப் பொய் எழுதினால், பிறகு பல்லுக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நிற்காது. உங்கள் உறுப்பினர் தகுதியும் போகலாம்.

ஒருவருக்கு ஒன்று என்பதுதான் விதி. குடும்பம் முழுக்க ஒரே திட்டத்தில் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நீங்கள் உங்களுடையதில், அவர் அவருடையதில், ஒரு பிள்ளை அங்கே, ஒரு பிள்ளை இங்கே என்று பிரிந்திருக்கலாம்.

4 மார்ச், பில் மேசை

பள்ளிக் காப்பீட்டை நேற்று விட்டுவிட்டேன். அது மெடிக்கல் எய்டு அல்ல, காப்பீட்டு நிறுவனத்தின் விபத்து பாலிசி. 28-ஆம் பிரிவு அதைத் தொடாது. ஆகவே அப்பாவின் மெடிக்கல் எய்டு, பள்ளி பாலிசி இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். உங்கள் கேள்விக்கு நல்ல பதில் இங்கேதான் இருக்கிறது.

வரிசை இப்படி. பல் டாக்டரின் முழு பில் முதலில் மெடிக்கல் எய்டுக்குப் போக வேண்டும். அவர்கள் வரிவரியாக எவ்வளவு கொடுத்தார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்று ஸ்டேட்மென்ட் வரும். அந்த ஸ்டேட்மென்டும் அதே பில்லும் சேர்ந்து பள்ளி பாலிசிக்குப் போக வேண்டும். பள்ளி பாலிசிகளில் "மெடிக்கல் எய்டு தந்தது போக" என்ற வாசகம் இருப்பது வழக்கம். முதலிலேயே பள்ளிக்கு அனுப்பினால் "ஸ்டேட்மென்ட் எங்கே" என்று திரும்பி வரும். அதற்குள் மூன்று வாரம் போய்விடும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. பில் 4,600 ரேண்ட். மெடிக்கல் எய்டு தன் கட்டண அட்டவணைப்படி 2,750 தருகிறது. மீதி 1,850. பள்ளி பாலிசியில் முதல் 250 ரேண்ட் நீங்கள் ஏற்க வேண்டும் என்று இருந்தால், அங்கிருந்து 1,600 வரும். கையிலிருந்து 250. இரண்டும் சேர்ந்து 4,600-ஐத் தாண்டாது. செலவை ஈடுகட்டும் காப்பீட்டில் லாபம் கிடையாது.

4 மார்ச், மாலை. பாலிசி மேசை (பாலிசி வாசகங்களைப் பற்றி எழுதுபவர்), பீனிக்ஸ்

ஒரு திருத்தம். எல்லாப் பள்ளி பாலிசியும் செலவை ஈடுகட்டுவது அல்ல. சிலவற்றில் பட்டியல் போட்டு, நிரந்தரப் பல் ஒன்றுக்கு இத்தனை ரேண்ட் என்று நிலையான தொகை இருக்கும். அப்படி இருந்தால் மெடிக்கல் எய்டு முழுதும் கொடுத்திருந்தாலும் அந்தத் தொகை வரும். எது உங்களுடையது என்பது பாலிசி வாசகத்தில்தான் தெரியும். பள்ளி அலுவலகத்தில் ஒரு பக்கச் சுருக்கத்தை நீட்டுவார்கள். அது போதாது, முழு வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

4 மார்ச், பில் மேசை

ஒப்புக்கொள்கிறேன். மேலே "தாண்டாது" என்று எழுதியது ஈடுகட்டும் வகைக்கு மட்டும்.

6 மார்ச், பில் மேசை

பணம் நின்றுபோவது பெரும்பாலும் பில்லில் உள்ள கோட் எனும் குறியீட்டு எண்களில்தான், அதனால் இதை நீளமாக எழுதுகிறேன்.

பில்லின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கோட் இருக்கும். ஒன்று, என்ன செய்தார்கள் என்ற டாரிஃப் கோட். இன்னொன்று, ஏன் செய்தார்கள் என்ற ஐசிடி-10 கோட். 8104 என்றால் குறிப்பிட்ட பிரச்சினைக்கான பரிசோதனை. 8101 முழு வாய்ப் பரிசோதனை. 8107 சின்ன எக்ஸ்ரே. 8145 மரத்துப்போகும் ஊசி. 8109 கையுறை, முகமூடி வகைக்கான தொற்றுத் தடுப்பு. முன்பல்லை ரெசினால் (பல் நிறப் பொருளால்) கட்டினால் எத்தனை பக்கம் என்பதைப் பொறுத்து 8351 முதல் 8354 வரை. அதோடு பல் எண் வேண்டும். மேல் வலது முன்பல் 11, மேல் இடது முன்பல் 21.

விபத்துக்கு ஐசிடி கோட் எஸ்02.5, அதாவது பல் முறிவு. இந்த நாட்டு விதிப்படி முறிவுக்கு ஐந்தாவது எழுத்தும் வேண்டும். மூடியது என்றால் எஸ்02.50, திறந்தது என்றால் எஸ்02.51. அதோடு முடியாது. காயம் என்று கோட் போட்டால், எப்படிக் காயம் பட்டது என்ற இரண்டாவது கோட் கட்டாயம். தடுக்கி விழுந்தால் டபிள்யூ01. அதன் நான்காவது எழுத்து இடத்தைச் சொல்லும்: வீடு 0, பள்ளி 2, விளையாட்டு மைதானம் 3. இந்த இரண்டாவது கோட் இல்லாத எஸ்02.50 அப்படியே திரும்பும்.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. அவசரத்தில் வரவேற்பு மேசையில் பழக்கத்துக்கு கே02.1 என்று அடித்துவிடுவது. அது சொத்தைப் பல். மெடிக்கல் எய்டு அதற்குப் பணம் தந்தாலும் தரும். ஆனால் பள்ளி பாலிசி, "இது விபத்து அல்ல, சொத்தை" என்று கதவை மூடிவிடும். ஸ்டேட்மென்டில் அந்தக் கோட் அச்சாகி இருக்கும் என்பதால் பிறகு வாயால் சொல்லிப் பயனில்லை. ஆகவே கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பில்லை வாங்கி எஸ்02 இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மேசையில் இருக்கும் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் மாற்றித் தருவார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் டாக்டரின் குறிப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

6 மார்ச், பில் மேசை

கெடு: மெடிக்கல் எய்டுக்கு 120 நாள்.

9 மார்ச், பில் மேசை

120 நாள் என்று எழுதியது தவறு, அந்த வரியை விட்டுவிடுங்கள். நாள் கணக்கு அல்ல, மாதக் கணக்கு. சட்டத்தின் கீழுள்ள 6-ஆம் ஒழுங்குவிதிப்படி, நான்காவது மாதம் முடிவதற்குள் வந்த பில்லைத் தாமதம் என்று சொல்லி மறுக்க முடியாது. திட்டங்களின் விதியில் இது, சிகிச்சை நடந்த மாதத்தை அடுத்த நான்காவது மாதத்தின் கடைசி நாள் என்று எழுதப்பட்டிருப்பது வழக்கம். பிப்ரவரி 12 என்றால் ஜூன் 30.

இன்னும் இரண்டு கெடுக்கள், இவை அவர்களுக்கானவை. சரியான பில் கையில் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் பணம் தர வேண்டும். இது 59-ஆம் பிரிவு. பில்லில் பிழை என்று நினைத்தால் 30 நாளுக்குள் உறுப்பினருக்கும் டாக்டருக்கும் காரணத்தோடு எழுத வேண்டும். திருத்தி அனுப்ப 60 நாள் தர வேண்டும். "சிஸ்டத்தில் இல்லை" என்று தொலைபேசியில் சொல்வது காரணம் ஆகாது. எழுத்தில் கேளுங்கள்.

பள்ளி பாலிசிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதன் கெடு பாலிசியிலேயே இருக்கும். பெரும்பாலும் இரண்டு கெடு: விபத்து நடந்தது என்று தெரிவிக்க ஒன்று, பில் அனுப்ப ஒன்று. ஸ்டேட்மென்ட் வரட்டும் என்று காத்திருந்து முதல் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. அறிவிப்பை இன்றே கொடுத்துவிடுங்கள், பில் பின்னால் போகட்டும். பள்ளியின் விபத்துப் பதிவேட்டில் அன்றைய தேதியில் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பார்த்த ஆசிரியையிடம் கையெழுத்திட்ட குறிப்பு வாங்குங்கள்.

15 மார்ச், பைன்டவுன் வாசகர்

வேலையிடத்தில் குழாய் பட்டு இரண்டு பல் போய்விட்டது. முதலாளி "மெடிக்கல் எய்டில் போட்டுவிடு" என்கிறார். போடலாமா?

15 மார்ச், பில் மேசை

வேண்டாம் அண்ணே. வேலையில் பட்ட காயத்துக்கு முதல் பொறுப்பு தொழிலாளர் இழப்பீட்டு நிதியுடையது. 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம், எல்லாரும் கொய்டா என்று சொல்வது. மெடிக்கல் எய்டு விதியில் இது விலக்கப்பட்டிருப்பது வழக்கம். தெரியாமல் கொடுத்தாலும் தெரிந்தபின் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆண்டு வரம்பும் வீணாகக் கரையும்.

செய்ய வேண்டியது: முதலாளி விபத்தை அறிந்த 7 நாளுக்குள் டபிள்யூ.சிஎல்.2 படிவத்தில் அறிவிக்க வேண்டும். இது அவர் கடமை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. பல் டாக்டர் முதல் மருத்துவ அறிக்கையை டபிள்யூ.சிஎல்.4-இல் எழுதுவார். சிகிச்சை நீண்டால் தொடர் அறிக்கையும் இறுதி அறிக்கையும் டபிள்யூ.சிஎல்.5. பொதுவாக விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரையான மருத்துவச் செலவு இதில் அடங்கும். ஆகவே பாலம் கட்டுவதா, கழற்றும் செட்டா என்று டாக்டரோடு முன்னமே பேசி முடிவெடுங்கள், இரண்டு ஆண்டைக் கடத்தாதீர்கள்.

முதலாளி படிவம் கொடுக்க மறுத்தால் நீங்களே தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய்த் தெரிவிக்கலாம். அதற்காகக் காத்திருந்து பல்லைப் பார்க்காமல் விடாதீர்கள்.

15 மார்ச், பாலிசி மேசை

சாலை விபத்தில் பல் போனாலும் இதே கவனம் வேண்டும். அங்கே சாலை விபத்து நிதி. அடித்த வண்டி யாருடையது என்று தெரிந்தால் கோர 3 ஆண்டு, தெரியாவிட்டால் 2 ஆண்டு. மெடிக்கல் எய்டு முதலில் பணம் தரும், ஆனால் நிதியிலிருந்து வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதி வாங்கும். மெடிக்கல் எய்டு கொடுத்த பில்லை நிதி ஏற்க வேண்டுமா என்பது 2022 முதல் நீதிமன்றங்களில் ஓடிய வழக்கு. ஆகவே கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

22 மார்ச், பில் மேசை

தனியஞ்சலில் நான்கு பேர் கேப் கவர் (மெடிக்கல் எய்டு தராமல் விடும் மீதிக்கான தனிக் காப்பீடு) பற்றிக் கேட்டார்கள். "கேப் கவர் இருக்கிறது, பல் பில்லின் மீதியை அது தருமா?"

பெரும்பாலும் தராது. முதலில் மீதி ஏன் வருகிறது என்று பார்ப்போம். இந்த நாட்டில் டாக்டர் கட்டணத்துக்கு அரசு அட்டவணை இல்லை. இருந்த ஒன்றின் ஒழுங்குவிதியை 2010-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால் டாக்டர் தன் கட்டணத்தை வைக்கிறார், மெடிக்கல் எய்டு தன் அட்டவணையை வைக்கிறது. நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் கேப் கவர். ஆனால் அது மருத்துவமனைச் சேர்க்கைக்காகவே செய்யப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பல் வேலை, கிரவுன் (பல்லின் மேல் போடும் உறை), இம்பிளான்ட் (தாடையில் பதிக்கும் செயற்கைப் பல்) எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

கேப் கவர் உதவக்கூடிய இடம், மயக்கமருந்து கொடுத்து மருத்துவமனையில் புதைந்த கடைவாய்ப் பல்லை எடுப்பது. கோட் 8941, ஐசிடி கே01.1. அங்கே மூன்று பில் வரும்: மருத்துவமனை, மயக்க மருத்துவர், பல் டாக்டர். பல திட்டங்களில் முதல் இரண்டும் மருத்துவமனை நிதியிலிருந்து, மூன்றாவது பல் வரம்பிலிருந்தோ சேவிங்ஸிலிருந்தோ (மெடிக்கல் எய்டுக்குள் உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு). இதோடு சேர்க்கையின்போதே மருத்துவமனையில் கட்ட வேண்டிய கோ-பேமென்ட் தனி. கேப் கவர் மயக்க மருத்துவரின் மீதியைத் தரலாம். கோ-பேமென்டையும் சில பாலிசிகள் தரும். பல் டாக்டரின் மீதி சேவிங்ஸில் விழுந்திருந்தால் தராது. ஆத்தரைசேஷன் எண் (மெடிக்கல் எய்டு தரும் முன் அனுமதி எண்) இல்லாமல் சேர்ந்தால் இவை எதையும் நம்ப முடியாது.

2017 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதியில், கேப் கவரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,50,000 ரேண்ட் உச்சம் என்று வைத்தார்கள், பணவீக்கத்தோடு அது ஏறிவருகிறது. இரண்டு கேப் கவர் வாங்கி இரண்டிலும் ஒரே மீதியைக் கேட்க நினைப்பவர்கள் சந்தாவைத்தான் வீணடிக்கிறார்கள்.

நாளுக்கு இத்தனை என்று தரும் மருத்துவமனை ரொக்க பாலிசி வேறு வகை. அது பில்லைப் பார்க்காது, மற்றவர் தந்ததைக் கழிக்காது. ஆனால் காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்பும் பல் அறுவைக்கு அது கிடைப்பது அரிது. எத்தனை நாள் தங்கினால் தொடங்கும் என்று பாருங்கள்.

23 மார்ச், லெனேசியா வாசகி

சேவிங்ஸிலிருந்து போன பணம் என் பணம்தானே? அதை விபத்து பாலிசியில் கேட்கலாமா?

23 மார்ச், பில் மேசை

உங்கள் பணம்தான். கேளுங்கள்.

26 மார்ச், பில் மேசை

மூன்று நாளாக மனது கேட்கவில்லை. மேலே சொன்னது அவசரப் பதில். மாதாமாதம் நாம் கட்டுகிறோம், மீந்தால் நமக்கு வரும், ஆகவே நம் பணம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், சேவிங்ஸ் கணக்கில் உள்ள நிதி திட்டத்தின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அது ஒரு திட்டத்தின் நிதிநிலைக் கணக்கு தொடர்பான வழக்கு. இருந்தாலும் விபத்து பாலிசியில் "மெடிக்கல் எய்டு தந்த தொகை கழிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால், சேவிங்ஸையும் கழிக்க நிறுவனத்துக்கு வாதம் உண்டு. "சேவிங்ஸ் நீங்கலாக" என்று வாசகம் இருந்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். வாசகத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நம்பி இருக்காதீர்கள்.

இதற்கு ஒரு முன்யோசனை உண்டு. சில திட்டங்களில், குறிப்பிட்ட பில்லை சேவிங்ஸிலிருந்து எடுக்காதே என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். விபத்து பாலிசி உறுதியாகத் தரும் என்று தெரிந்தால் அப்படிச் செய்து, சேவிங்ஸை ஆண்டின் மீதி மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மெடிக்கல் எய்டின் மறுப்பு ஸ்டேட்மென்ட் மட்டும் கையில் வேண்டும்.

11 ஏப்ரல், பில் மேசை

தாள்களைப் பற்றி. நம் வீடுகளில் தையல் நூலும் ஊசியும் வைக்கும் பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்று இருக்குமே, அதே மாதிரி இன்னொன்றை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு பல்லுக்கு ஓர் உறை. உறையின் மேல் பெயர், பல் எண், விபத்துத் தேதி, கெடுத் தேதி. உள்ளே பில், ஸ்டேட்மென்ட், பணம் கட்டிய ரசீது, ஆத்தரைசேஷன் எண், யாரோடு எந்த நாளில் பேசினோம் என்ற குறிப்பு. கார்டு இயந்திரத் துண்டுச்சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றே படம் எடுங்கள்.

கிளினிக்கில் முன்பணம் கட்டினால் "பணம் செலுத்தப்பட்டது" என்று பில்லிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெடிக்கல் எய்டு பணத்தை டாக்டர் கணக்குக்கு அனுப்பிவிடும், நீங்கள் அவரிடமிருந்து திரும்ப வாங்க அலைய வேண்டும்.

28 ஏப்ரல், மெரபேங்க் வாசகி

ஸ்டேட்மென்ட் வந்தது. 8104, 8107 இரண்டுக்கும் பணம் தந்திருக்கிறார்கள். 8354 மறுப்பு. "கோட் பொருந்தவில்லை" என்று போட்டிருக்கிறது.

28 ஏப்ரல், பில் மேசை

பில்லின் மூன்றாவது வரியைப் பாருங்கள் அம்மா. முதல் இரண்டு வரியில் எஸ்02.50, ரெசின் வரியில் மட்டும் கே02.1 இருக்கும் என்று நினைக்கிறேன்.

28 ஏப்ரல், மெரபேங்க் வாசகி

ஆமாம், அப்படியேதான் இருக்கிறது.

28 ஏப்ரல், பில் மேசை

இது திருத்தம் கேட்கும் மறுப்பு, உரிமை இல்லை என்ற மறுப்பு அல்ல. இரண்டுக்கும் வேறுபாடு பெரியது. மேல்முறையீடு எழுத வேண்டாம். கிளினிக்கில், டாக்டரின் குறிப்பில் உள்ளபடி மூன்றாவது வரியைத் திருத்தி, "திருத்திய பில்" என்று குறித்து, அதே பில் எண்ணோடு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். புது எண் கொடுத்தால் சில சமயம் இரட்டைப் பில் என்று மறுபடி திரும்பும். மறுப்பு வந்த நாளிலிருந்து 60 நாள் உண்டு. எதற்கும் ஜூன் 30-க்கு முன்பே முடித்துவிடுவோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோட் எண்ணைத் திருத்துவது என்றால் நடந்ததற்கு ஏற்ப எழுதுவது. பணம் வர வேண்டும் என்று நடக்காததை எழுதச் சொல்வது மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி குற்றம், கேட்டவருக்கும் எழுதியவருக்கும். டிசம்பரில் வரம்பு தீர்ந்துவிட்டது, பில் தேதியை ஜனவரி என்று போடுங்கள் என்பதும் அதே. இரண்டு பல்லுக்கு கிரவுன் வேண்டும் என்றால், ஒன்றை டிசம்பரிலும் மற்றதை ஜனவரியிலும் உண்மையாகவே செய்துகொள்வது முறையான வழி. புது ஆண்டு வரம்பு ஜனவரி 1-இல் திறக்கும்.

29 ஏப்ரல், பில் மேசை

இரவு யோசித்தபோதுதான் தோன்றியது, இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். பையனுக்கு 11 வயது. இந்த வயதில் முன்பல்லுக்கு ரெசின் கட்டுவார்கள், நிரந்தர கிரவுன் போட மாட்டார்கள். பல்லின் உள் நரம்பறை பெரிதாக இருக்கும், ஈறும் தாடையும் இன்னும் வளரும். கிரவுன் என்பது வளர்ச்சி முடிந்தபின், 18 வயதையொட்டி. நடுவில் நரம்பு செத்துப்போனால் வேர்ச் சிகிச்சையும் வரலாம். அடிபட்ட பல் ஒரு வருடம் கழித்துக் கறுப்பது உண்டு.

விபத்து பாலிசிகளில் "விபத்து நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் ஆன செலவு" என்று எல்லை இருக்கும். 12 அல்லது 24 மாதம் என்று வைத்தால், பெரிய செலவு வரும் நாளில் பாலிசி மூடியிருக்கும். ஆகவே எல்லை முடியும் முன் பல் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: பல் எண், இன்றைய நிலை, எதிர்காலத்தில் என்ன தேவைப்படலாம், எந்த வயதில், இன்றைய விலையில் எவ்வளவு. அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, எதிர்காலச் சிகிச்சைக்கு என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சில பாலிசிகளில் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த எல்லையை நீட்டும் வாசகம் உண்டு. கேட்காதவருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

19 மே, பாலிசி மேசை

திட்டம் மாறுகிறவர்களுக்கு. கணவர் திட்டத்திலிருந்து பிள்ளையை மனைவி திட்டத்துக்கு மாற்றலாம், பல் நேராக்கும் சிகிச்சைக்கு அங்கே நல்ல வரம்பு இருந்தால் மாற்றுவதே புத்தி. ஆனால் பழையதில் கடைசி நாளும் புதியதில் முதல் நாளும் ஒட்டி வர வேண்டும். ஒரு மாதம் இரண்டிலும் இருந்தால் 28-ஆம் பிரிவை மீறியதாகும். 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள பிரச்சினைக்கு 12 மாதக் காத்திருப்பும் போடலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து உறுப்பினராக இருந்து இடைவெளி குறைவாக மாறினால் 3 மாதப் பொதுக் காத்திருப்பு மட்டுமே போடலாம். பழைய திட்டம் 30 நாளுக்குள் உறுப்பினர் சான்றிதழ் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கம்பி கட்டி நடுவில் மாறினால், பழைய ஆத்தரைசேஷன் கடிதம், கம்பி கட்டிய தேதி, மொத்தத் தொகை, இதுவரை கட்டியது, மீதி எத்தனை மாதம் என்று டாக்டரின் கடிதம். இவை இல்லாமல் புதிய திட்டம் மாதத் தவணையைத் தொடாது. நடு ஆண்டில் சேர்ந்தால் ஆண்டு வரம்பும் மாதக் கணக்கில் குறையும்.

10 ஜூன், பில் மேசை

எல்லாரும் கொடுத்தபின் கையிலிருந்து போனதை வருமானவரியில் பாருங்கள். 2025/26 வரி ஆண்டில் மெடிக்கல் எய்டு கட்டுவோருக்கு மாதம் 364 ரேண்ட் வரிக் கழிவு, முதல் சார்ந்தவருக்கும் 364, அடுத்த ஒவ்வொருவருக்கும் 246. அதற்கு மேல் கூடுதல் கழிவு ஒன்று உண்டு. 65 வயதுக்குக் கீழ், உடற்குறை இல்லாதவருக்குக் கணக்கு இப்படி.

தனி ஆள், வரிக்குரிய வருமானம் 3,00,000 ரேண்ட், சந்தா ஆண்டுக்கு 36,000, கையிலிருந்து பல்லுக்கு 20,000. மாதக் கழிவு ஆண்டுக்கு 4,368, அதன் நான்கு மடங்கு 17,472. சந்தாவில் அதைக் கழித்தால் 18,528. அதோடு 20,000 சேர்த்தால் 38,528. வருமானத்தில் 7.5 சதவீதம், 22,500, கழித்தால் 16,028. அதில் 25 சதவீதம், 4,007 ரேண்ட், வரியில் குறையும்.

சேவிங்ஸிலிருந்து போனதை இங்கே சேர்க்கக் கூடாது, அது மெடிக்கல் எய்டு தந்ததாகவே கணக்கு. விபத்து பாலிசி திருப்பித் தந்ததும் கையிலிருந்து போன செலவு ஆகாது. கேப் கவர் சந்தா மெடிக்கல் எய்டு சந்தா ஆகாது.

11 ஜூன், பாலிசி மேசை

மறுப்பு நியாயமில்லை என்றால் எங்கே போவது என்று பலர் குழம்புகிறார்கள். மெடிக்கல் எய்டு மீது புகார் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில், பிறகு அவற்றைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சில். பள்ளி பாலிசி, கேப் கவர், ரொக்க பாலிசி மீது என்றால் 2024 மார்ச் 1 முதல் செயல்படும் தேசிய நிதி ஆம்பட் (புகார்களை விசாரிக்கும் அமைப்பு). மாற்றி அனுப்பினால் மாதங்கள் போகும்.

27 ஜூன், மெரபேங்க் வாசகி

திருத்திய பில்லுக்கு மெடிக்கல் எய்டு பணம் தந்துவிட்டது. மீதி பள்ளி பாலிசியில். அவர்கள் "மெடிக்கல் எய்டின் இறுதி ஸ்டேட்மென்ட் வேண்டும், ஏப்ரல் ஸ்டேட்மென்ட் போதாது" என்கிறார்கள். பல் டாக்டர் இன்று மறுபரிசோதனைக்கும் ஓர் எக்ஸ்ரேக்கும் தனி பில் கொடுத்தார்.

27 ஜூன், பில் மேசை

அவர்கள் கேட்பது சரிதான். ஏப்ரல் ஸ்டேட்மென்டில் 8354 மறுக்கப்பட்டதாக இருக்கிறது, அதை வைத்துக் கணக்கிட்டால் அவர்கள் கூடுதலாகத் தந்துவிடுவார்கள், பிறகு திருப்பிக் கேட்பார்கள். திருத்தத்துக்குப் பின் வந்த ஸ்டேட்மென்டைப் பதிவிறக்கி அனுப்புங்கள்.

இன்றைய பில் வேறு சேவைத் தேதி, அதற்கு அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது. ஆனால் பழைய கோரிக்கை எண்ணின் கீழேயே போக வேண்டும், புதுக் கோரிக்கை திறந்தால், எடுத்துக்காட்டில் சொன்ன 250 ரேண்ட் போல நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகையை மறுபடி கழிப்பார்கள். வரியில் எஸ்02.50, டபிள்யூ01, பல் எண் 11 மூன்றும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட்டு எழுதுங்கள். எதிர்காலச் சிகிச்சைக் கடிதத்தையும் இன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், எக்ஸ்ரே அவர் மேசையில் புதிதாக இருக்கும்போதே எழுதினால் நரம்பின் நிலையையும் அதில் சேர்ப்பார்.